அரியாங்குப்பம் ஆறும் அதன் கரை மக்களும்

செஞ்சிக் குன்றுகளின் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, வில்லியனூரைத் தாண்டியபின் இரு கிளைகளாகப் பிரிகிறது. தென்கிளை சுண்ணாம்பாறு. வடகிளையே அரியாங்குப்பம் ஆறு. வீராம்பட்டினம் அருகே கடலில் கலக்கும் சிற்றாறு.

அதன் வளைவொன்றில் அரிக்கமேடு இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரை அலைக்குத் திறந்து கிடப்பது. ஆற்று வளைவோ படகுகளுக்கு ஒதுங்கிடம். துறைமுகம் இங்கே அமைந்ததன் காரணம் இதுவே. 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியச் சாடிகளும் இத்தாலியச் சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. கண்ணாடி மணிகள் செய்த தடயங்களும் இங்குண்டு.

அரிக்கமேட்டை முஸ்லிம் வணிகத்தின் தொடக்கமாக நம்மவர் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் புரிகிறது, காலம் பொருந்தவில்லை. அந்த ரோமானிய வணிகம் நபி (ஸல்) அவர்களின் பிறப்புக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இல்லாத பெருமையைத் தேடுவானேன்? ஏட்டில் பதிவான தொடர்பே நமக்கு இருக்கிறது.

1740இல் மராத்தியரோடு நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தினரும், மருமகன் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரியில் அடைக்கலம் தேடினர். வில்லியனூர் வாயில் வழியே அவர்களை ஆளுநர் துய்மா மரியாதையுடன் வரவேற்றார். அவர்களை ஒப்படைக்குமாறு மராத்தியர் கேட்டபோதும் இணங்கவில்லை. 1749இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார். இவ்வாற்றங்கரையின் மேற்பகுதி பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்ததில் அந்தக் கொடைக்குப் பெரும் பங்குண்டு.

இடையில் 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தார். வழியில் அரியாங்குப்பம் கோட்டை அவரைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. வெடிமருந்து தீப்பற்றிய பின்னரே பிரெஞ்சுப் படை அதைக் கைவிட்டது. இழந்த நாட்கள் போஸ்கவனுக்குத் திரும்பவில்லை. மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் முற்றுகையை நீக்கிப் பின்வாங்கினார்.

இத்தனைக்கும் நடுவே கரையில் மக்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தனர். அரிக்கமேட்டை ஒட்டிய காக்காயன்தோப்பில் ஒரு பழைய புத்தர் சிலை. மேட்டின்மேல் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மடத்தின் இடிபாடு. முகத்துவாரத்தில் வீராம்பட்டினத்து மீனவர்களும் அவர்களது செங்கழுநீர் அம்மன் கோயிலும். மேலே வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில், லூர்து மாதா ஆலயம். அவ்வூரை அடுத்து நம் மக்கள் நிறைந்த சுல்தான்பேட்டை.

புதுச்சேரி முஸ்லிம்களின் வரலாறு என்றால் நகரத்துக் காஜியார் வீதியோடும் முல்லா வீதியோடும் நாம் நின்றுவிடுகிறோம். ஆற்றங்கரை ஊர்களைக் கேட்பாரில்லை. பிரெஞ்சு முத்திரையிட்ட நிலப்பத்திரம் வீட்டில் இருப்போர், மங்கிய காகிதமென்று அதை எறிந்துவிட வேண்டாம். பாட்டனாரின் பெயருக்குக் கீழே, நான்கெல்லையில் ஒன்றாக இவ்வாறும் எழுதப்பட்டிருக்கக்கூடும்.