தாமதத்தின் விலை: ஏற்காட்டுச் சிறாரும் சொந்தத் திறன்பேசியும்

எந்த வயதில் பிள்ளைக்குத் திறன்பேசி வாங்கித் தரலாம் என்ற விவாதம் பெரும்பாலும் பெற்றோரின் கண்டிப்பு பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. அந்தப் பார்வை போதாது என்பதைச் சேர்வராயன் மலை காட்டுகிறது. சொந்தக் கைப்பேசியைத் தள்ளிப்போடும் முடிவு ஒரு வீட்டின் மனவுறுதியால் மட்டும் நிலைக்காது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1917இல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளி உள்ளிட்ட உறைவிடப் பள்ளிகளால் பெயர்பெற்ற ஊர், சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு. மணியடித்து நகரும் நாள், மாலை விளையாட்டு, விடுதிக் காப்பாளர், குறித்த நேரத்தில் வீட்டாரோடு பேச்சு என்னும் உறைவிட மரபில் சொந்தக் கைப்பேசிக்கான தேவையே குறைகிறது. உடன் படிப்பவர் எவரிடமும் இல்லாத பொருளின் இல்லாமை ஏக்கமாக வளர்வதில்லை. கட்டணம் செலுத்தும் பெற்றோர் கல்வியோடு இந்தத் தாமதத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

அதே மலையில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களிலும் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலும் வாழும் பெற்றோருக்கு இந்த வசதி இல்லை. தமிழகத்தில் கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி இருந்தாலும், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் வழியாகவும் வந்தது. பொழுதுபோக்குக் கருவியைப் பள்ளிக்கூடமாக்கியது பெற்றோரின் தளர்ச்சி அன்று. கல்வி அமைப்பின் கட்டாயம். அந்தக் கட்டாயத்தை உருவாக்கிய அமைப்பே அதைத் தளர்த்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இங்கே பயன்பாட்டையும் உடைமையையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஊரக இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ அறிக்கைப்படி, 14–16 வயதினரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி உண்டு. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர்களுள் சொந்தமாக வைத்திருப்போர் ஆண்களில் 36.2, பெண்களில் 26.9 விழுக்காடு மட்டுமே. ஆக, பெரும்பாலான வீடுகளில் தாமதம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கைப்பேசி வீட்டின் பொதுச்சொத்தாக இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இந்த எண்களில் உண்டு. மகனுக்குக் கொடுத்து மகளுக்கு மறுப்பதைத் தாமதம் என்று சொல்ல முடியாது. வயது வரம்பு இருவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது நெறி. இல்லாவிட்டால் பழைய கட்டுப்பாட்டுக்குப் புதிய பெயர்.

தாமதத்துக்கு எதிரான வாதமும் வலுவானதே. சமூக உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2024இல் வெளியிட்ட நூலில், இளையோரின் மனநலச் சரிவுக்குத் திறன்பேசியும் சமூக ஊடகமும் முக்கியக் காரணம் என்றார். உளவியலாளர் கேண்டிஸ் ஓட்ஜர்ஸ், சான்றுகள் பெரும்பாலும் உடனிகழ்வையே காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை என்று மறுத்தார். ஆனால் தாமதத்தின் நியாயம் இந்த வழக்கின் தீர்ப்பை நம்பி நிற்கவில்லை. தாமதமாகக் கொடுத்தது தவறெனில் நாளையே கொடுத்துவிடலாம்; கொடுத்ததைப் பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து திரும்பப் பெறுவது எளிதல்ல. தோட்ட வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையோடு பேச வேண்டிய தேவை உண்மையானது. அதற்குப் பட்டன் போன் போதும்.

சட்டம் இதில் ஓரளவே உதவும். 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலியச் சட்டம் 16 வயதுக்குட்பட்டோரின் சமூக ஊடகக் கணக்குகளையே கட்டுப்படுத்துகிறது, கருவியை அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. செயலியின் நிபந்தனைகளை வாசித்து எடைபோட இயலாத பெற்றோரிடம் அந்த ஒப்புதல் வெறும் விரல் தொடுகையாகிவிடும்.

அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் ஊரில், 2023இல் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் கூடி, தொடக்கக் கல்வி முடியும்வரை திறன்பேசி வாங்கித் தருவதில்லை என்று தாமாக ஒப்புக்கொண்டன. அதற்கான அமைப்பு நம்மிடமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். மலையின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அக்குழு எட்டாம் வகுப்பு வரை சொந்தத் திறன்பேசி இல்லை என ஒருமித்து முடிவெடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதைப் பள்ளி நிறுத்துவதும், மாலையில் நூலகமும் விளையாட்டிடமும் திறந்திருப்பதும் அம்முடிவின் பகுதியாக வேண்டும். அப்போதுதான் பணம் கொடுத்து வாங்கும் தாமதம், பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டும்.