பெருஞ்சிரை அறுவை

கீழ்ப்பெருஞ்சிரை, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரைகள், சிறுநீரகச் சிரைகள் ஆகிய வயிற்றுப் பெருஞ்சிரைகளைக் கவ்வி, வெட்டி, தைத்து, மறுபடி ரத்தம் ஓடவிடும் அறுவைமுறை. தமனியின் சுவர் தடித்தது, தையலைத் தாங்கும். சிரையோ இழுத்தால் கிழியும், முறுக்கினால் அடைபடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குப் போகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகத்தான்.

ரத்தக்குழாய் முனைகளை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்து, வட்டத்தை முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902-இல் பிரான்சின் அலெக்சிஸ் கேரல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். கல்லீரலின் வாயிலை விரலால் அழுத்தி ரத்தப்போக்கை நிறுத்தலாம் என்று 1908-இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள் காட்டினார். இன்றும் கல்லீரல் அறுவையில் முதல் தற்காப்பு அதுதான்.

1963-இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் செய்த முதல் கல்லீரல் மாற்றில் ரத்தப்போக்கால் குழந்தை இறந்தது. 1967-இல்தான் வெற்றி கிட்டியது. பெருஞ்சிரையைக் கவ்வினால் கால்களிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வழியில்லை. அதைப் பம்பு மூலம் மேலே அனுப்பும் முறை 1980-களில் பரவியது. நோயாளியின் பெருஞ்சிரையை அப்படியே விட்டு, அதன்மேல் புதுக் கல்லீரலைப் பொருத்தும் முறை வளர்ந்ததும் பம்பின் தேவை குறைந்தது. தையலின் முடிச்சைச் சிரையை ஒட்டி இறுக்காமல் சற்றுத் தள்ளிப் போடும் பழக்கம் ஸ்டார்சல் குழுவினர் 1984-இல் வெளியிட்டது. ரத்தம் பாய்ந்து சிரை விரியும்போது தளர்ந்த நூல் இடம் கொடுக்கும். எளிய யோசனைதான், காப்பாற்றிய கல்லீரல்கள் பல.

தமிழ்நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது. கொடையாளரின் இடது சிறுநீரகத்தையே பெரும்பாலும் எடுப்பதற்குக் காரணமும் சிரைதான்: இடச்சிரை நீளம், வலச்சிரை குட்டை. போர்ட்டல் சிரை அடைபட்டு ரத்த வாந்தி எடுக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் அதிகம். அவர்களுக்கு மண்ணீரலை நீக்கி, அதன் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு இணைப்பார்கள். இத்தகைய அறுவைகளுக்குரிய இரைப்பை, குடல் அறுவைத் துறையைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவியவர் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம்.

1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரல் துண்டு பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானார். பெரியவர்களுக்குக் கொடுக்கும் கல்லீரலின் வலது பாதியில் சிக்கல் வேறு. நடுக் கல்லீரல் சிரை இரு பாதிகளின் ரத்தத்தையும் வடிக்கிறது. அதைக் கொடுப்பவரிடம் விடுவதா, பெறுபவருக்கு அனுப்புவதா? வடிகால் இல்லாத பகுதி வீங்கிச் செயலிழக்கும். பல குழுக்கள் அதைக் கொடையாளரிடமே விட்டு, பெறுபவருக்குச் செயற்கைக் குழாயால் வடிகால் அமைக்கின்றன. நலமாக வந்து படுத்தவரின் உயிரே முதலில் என்பதால் இது சரியான முடிவு.

ரத்த வாந்தி போர்ட்டல் சிரை அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் பகுதியில் யாருக்காவது ரத்த வாந்தியோ, தார்போல் கறுத்த மலமோ கண்டால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள்.