இயந்திர எண் சொல்லும் வரலாறு



நம் வாகனப் பதிவுச் சான்றில் இயந்திர எண், அடிச்சட்ட எண் என இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு மகிழுந்துக்கு எதற்கு இரண்டு எண்கள்? விடை காண, நூறாண்டுகளுக்கு முந்திய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

1908-இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 'மாடல் டி' மகிழுந்தை வெளியிட்டது. அதன் உற்பத்திக் காலத்தின் பெரும்பகுதியில் அடிச்சட்டத்தில் எண் பொறிக்கப்படவில்லை. இயந்திர எண்ணே வண்டியின் எண்ணாகவும் விளங்கியது. தொடக்ககால வண்டிகள் நீங்கலாக, இயந்திரத்தின் இடப்பக்கத்தில் குளிர்நீர் உட்புகும் குழாய்வாய்க்குச் சற்று மேலே அதனைக் காணலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் இலக்கங்கள் தெளிவாகும்.

அதே இரும்பில் மற்றொரு குறியும் உண்டு. அது வார்ப்புத் தேதி. இயந்திர எண் உளியால் அடித்ததுபோல் குழிந்திருக்கும். வார்ப்புத் தேதியோ அச்சிலேயே உருவானதால் புடைத்து நிற்கும். 7-12-20 என்றிருந்தால் டிசம்பர் 7 என்று நாம் படித்துவிடுவோம். அமெரிக்க வழக்கில் மாதமே முதலில் வரும். எனவே அது 1920 ஜூலை 12.

இவ்விரு குறிகளும் முரண்படுவதுண்டு. எண் 1915-ஐக் காட்ட, வார்ப்போ 1920 என்னும். பழுதடைந்த இயந்திர உடலை மாற்றியபோது, பழைய எண்ணையே புதிய இரும்பில் பொறிக்கும் வழக்கம் இருந்ததே காரணம். எண் மனிதர் கொடுத்த பெயர். வார்ப்புத் தேதி இரும்பின் பிறந்தநாள். ஒன்றை மட்டும் நம்புவோர் ஏமாறுவர்.

1927 மே 26 அன்று 15000000 என்னும் எண் பொறிக்கப்பட்டது. எட்டு இலக்கங்களையும் நிறுவனத்தின் மூத்த ஊழியர்கள் எண்மர் ஆளுக்கொன்றாக அடித்தனர். அதே ஆண்டில் வண்டியின் உற்பத்தி நின்றது. மாற்று இயந்திரங்களோ 1941 வரை வெளிவந்தன. ஆகவே, இயந்திரத்தின் வயதும் வண்டியின் வயதும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

மாற்றத்தக்க உறுப்பொன்று முழு வண்டிக்கும் அடையாளமாக இருத்தல் இயலாது. அமெரிக்காவில் 1981 முதல் 17 எழுத்திலக்கங்கள் கொண்ட வாகன அடையாள எண் கட்டாயமாயிற்று. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு மயங்கும் ஐ, ஓ, கியூ எனும் ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை.

கல்வெட்டாயினும் இரும்பாயினும், ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்ட பின்னரே வரலாறு எழுதவேண்டும். இப்பழக்கத்தை நம் மாணவர்க்கு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலிருந்தே தொடங்கிவைக்கலாம்.