சம்பளச் சீட்டில் இருக்கும் சுருக்கெழுத்துகள்

யாழ்ப்பாண ரவுணில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்த நண்பன் 2019 இல் தன்ர சம்பளச் சீட்டைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பியிருந்தான். "மச்சான், பி.ஆர்.ஏ. எண்டு 3,500 கிடக்கு. இதென்ன, போனஸோ?" எனக்கும் அப்ப தெரியாது. தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அந்தச் சீட்டில் இருந்த ஒவ்வொரு சுருக்கெழுத்துக்குப் பின்னாலும் ஒரு சட்டமும் அதற்கென்று ஒரு காலமும் இருக்கின்றன.

பி.ஆர்.ஏ. போனஸ் இல்லை. வரவு செலவுத்திட்ட நிவாரணப் படி. விலைவாசி ஏறும்போது தனியார் துறை முதலாளிமார் தாங்களாகச் சம்பளத்தைக் கூட்டமாட்டினம் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அதனால் குறிப்பிட்ட தொகையைக் கட்டாயமாகக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். 2005 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தால் 1,000 ரூபா வந்தது. 2016 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் இன்னொரு 2,500. அவன்ர 3,500 இப்பிடித்தான் சேர்ந்தது. இது முதலாளியின் மனசைப் பொறுத்த காசாக இருக்கவில்லை, ஈ.பி.எப். கணக்குப் பார்க்கும்போதும் அப்ப இதைச் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதியம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. எங்களுக்கு 1958 என்றால் நினைவுக்கு வருவது மே மாதக் கலவரம்தான், வேறொன்றும் வராது. அதே பண்டாரநாயக்க அரசாங்கத்தில், ரி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்த அதே ஆண்டில்தான் இதுவும் வந்தது. அதுவரைக்கும் வயது போனபிறகு மாதக்காசு என்பது பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் உரியது. அவர்களின் மனைவி பிள்ளைகளுக்கான விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் 1898 இலேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன் "கவுண்மேந்து உத்தியோகம்" என்று ஏன் இவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. கடைச் சிப்பந்திக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அப்பிடி ஒன்றும் இருக்கவில்லை.

தொடக்கத்தில் தொழிலாளி 4 வீதமும் முதலாளி 6 வீதமும் கட்டினார்கள். 1971 இல் அது 6 க்கும் 9 க்கும் ஏறி, 1981 இல் 8 க்கும் 12 க்கும் வந்து நின்றது. இண்டைக்கும் அதேதான். சட்டத்தை நடத்துவது தொழில் ஆணையாளர், காசை வைத்திருப்பது மத்திய வங்கி. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். சீட்டில் ஈ.ரி.எப். என்று 3 வீதம் தெரியுமே, அது 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். அதை முழுக்க முதலாளிதான் கட்டவேணும். உங்கட சம்பளத்தில் அந்த 3 வீதத்தைக் கழித்திருந்தால் அது பிழை. கனபேர் இதைக் கவனிக்கிறதே இல்லை.

எங்கட குடாநாட்டில் இந்த நிதியத்தின் கதை காங்கேசன்துறையைச் சொல்லாமல் முடியாது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை பிறகு கூட்டுத்தாபனமாக இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களுக்கு அரச உத்தியோகத்தரைப் போல ஓய்வூதியம் இல்லை, முதுமைக்கு இருந்தது சேமலாப நிதிதான். 1990 இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது ஆலை நின்றுபோனது, சுற்றியிருந்த ஊர்களும் வெறுமையாகின. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே நடந்து தென்மராட்சிக்குப் போனது. அப்ப காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் எடுத்திருப்பார்கள். ஈ.பி.எப். பதிவுக்கான பீ அட்டையை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? காசு கொழும்பில் மத்திய வங்கியில் ஒரு நிறுவன இலக்கத்துக்கும் ஓர் உறுப்பினர் இலக்கத்துக்கும் கீழே கிடக்கும், அந்த இரண்டு இலக்கத்தையும் சொல்லத் தெரிந்தால்தான் கேட்டுப் போவது சுகம். வீட்டில் அப்பப்பாவின் பழைய சம்பளச் சீட்டு எங்கேயும் கிடந்தால் எறிந்துவிடாதேங்கோ. உறுப்பினர் இறந்திருந்தாலும் உரித்தாளிகள் கோரலாம்.

நண்பனின் சீட்டுக்கு வருவோம். அவனுக்கு ஈ.பி.எப். கழித்தது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். இது எங்கட ஊரில் பழகிப்போன தந்திரம்: அடிப்படையைச் சின்னதாக வைத்து மிச்சத்தைப் படிகளாகப் பிரிக்கிறது. சட்டத்தின் 47 ஆம் பிரிவு "உழைப்பூதியம்" என்பதற்குள் வாழ்க்கைச் செலவுப்படி, விசேட வாழ்க்கைப்படி, உணவுப்படி, விடுமுறைச் சம்பளம் எல்லாவற்றையும் சேர்க்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு வெளியே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை 30,000, வாழ்க்கைச் செலவுப்படி 10,000, உணவுப்படி 5,000 என்று வையுங்கோ. அடிப்படைக்கு மட்டும் கட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஈ.பி.எப். 6,000. முழுத்தொகைக்கும் கட்டினால் 9,000. ஈ.ரி.எப். 900 இலிருந்து 1,350 ஆகும். மாதம் 3,450 ரூபா, வருடத்துக்கு 41,400 ரூபா உங்கட கணக்கில் சேராமல் போகிறது. அதில் மாதம் 1,200 உங்கட கையில் இப்பவே வந்துவிட்டது உண்மைதான், மிச்சம் 2,250 முதலாளியிடமே நின்றுவிட்டது. பிந்திக் கட்டினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் உண்டு.

பணிக்கொடையும் இப்பிடித்தான். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அதனால்தானோ என்னவோ, சில கடைகளில் பதிவில் 14 பேருக்குமேல் ஏறுவதே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது 47 ஆம் பிரிவின் ஒரு சின்ன இடம். முதலாளி கொடுக்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பெறுமதியையும் உழைப்பூதியத்தோடு சேர்க்கவேணும் என்கிறது அது. தங்கி வேலை செய்யும் கடைப் பொடியனுக்கு மூன்று நேரமும் சாப்பாடு போடும் எங்கட கடைகளைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும். நண்பன் ஒருநாள் துணிந்து இதை முதலாளியிடம் கேட்டே விட்டான்.

"சோறும் போட்டு, அந்தச் சோத்துக்கு ஈ.பி.எப்.உம் கட்டோணுமோ தம்பி?"

ஓம் அண்ணை, கட்டோணும். 1958 இலிருந்து.