காசு, பெட்டி, பை

1809 ஜனவரி. இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் தட்டி மூழ்கியது. உள்ளே சென்னைக்கென்று அச்சடித்த செப்புக்காசுகள். 1980களில் அவற்றை லட்சக்கணக்கில் அள்ளினார்கள்.

நம் சில்லறை அவர்கள் மணலில் புதைந்ததற்குப் பல நூற்றாண்டு முன்பே ரோமச் சில்லறை நம் மணலில் புதைந்துவிட்டது. கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளுக்கென்றே இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூல் எழுதினார். பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுக் காசுகள். பல, விரல்நகம் அளவுதான். அகஸ்டஸ் காலத்துப் பொன், வெள்ளியின் பகட்டெல்லாம் இல்லை. இலங்கையில் இவை குவியல் குவியலாகவே கிடைக்கின்றன. அங்கே உள்ளூரிலும் இதே சாயலில் செய்து புழங்கியிருக்கிறார்கள். கள்ளக்காசு என்று முகம் சுளிக்க வேண்டாம். கடைத்தெருவுக்குச் சில்லறை வேண்டாமா?

‘காசு’ என்ற சொல்லோ மேலிருந்து கீழே வந்தது. பழந்தமிழில் அது மேகலையில் கோத்த மணி, பொற்காசு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொன்ன இலக்கணக்காரர்களும் அதைக் கைவிடவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசும் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலோ 80 காசு சேர்ந்தால்தான் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். பழைய பவிசு காசுமாலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இடையில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1520களில் சாந்தோமில் குடியேறியவர்களும் அவர்களே. காசு அவர்கள் நாவில் ‘கைஷா’ ஆயிற்று. கைஷா என்றால் அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டி. லத்தீன் ‘காப்சா’வின் வாரிசு. அந்தக் கைஷாவிலிருந்து, சிறு நாணயத்தைக் குறிக்கும் ஆங்கில ‘கேஷ்’ பிறந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு சொல். அது பிரெஞ்சு வழியாக அதே காப்சாவிலிருந்து வந்தது. கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இரண்டும் ஒரே எழுத்தில் உட்கார்ந்திருந்தன. குழம்பியிருப்பாரா? சம்பளம் வந்தால் சரி என்றிருந்திருப்பார்.

கடலடியிலிருந்து வந்த இருபது காசு நாணயத்தைத் திருப்பினால் இன்னொரு வேடிக்கை. இருபது காசு நாலு ஃபலூஸ் என்று பாரசீகத்தில் பொறித்திருக்கிறது. ஃபலூஸ் என்பது அரபு ‘ஃபல்ஸ்’ என்பதன் பன்மை. ஃபல்ஸின் மூலம் ‘ஃபோலிஸ்’, பிற்கால ரோமின் செப்புக்காசுக்கு வழங்கிய பெயர். லத்தீனில் அதற்குப் பை என்று பொருள். அமராவதி மணலில் அருகருகே கிடந்திருக்கக்கூடிய இரண்டு சொற்களும் இப்படி ஒரே செப்புத் துண்டில் சேர்ந்துகொண்டன. அச்சடித்த இடம் பர்மிங்காம்.