வாக்களிக்காதவருக்குத் தண்டமா? கோடு விழாத பெயர்களின் கதை



போன கிழமை இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் நின்று சிலர் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியதும் நானா ஒருவர் சூடாகச் சொன்னார்: "வோட்டுப் போட வராதவனுகளுக்கு ஆளுக்கு அஞ்சாயிரம் தண்டம் அடிக்கணும் சேர். அவுஸ்திரேலியாவுல அப்படித்தானாமே. பொறகு பாருங்க, ஒருத்தனாவது வீட்டுக்குள்ள இரிப்பானா?" நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் அங்கே பதில் சொல்லவில்லை. நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஆசிரியர்களில் பலரைப் போல நானும் தேர்தல் கடமைக்குப் போயிருக்கிறேன். ஒருவர் வாக்குச் சீட்டு வாங்கும்போது இடாப்பில் அவருடைய பெயரின் மேல் கோடு இழுப்போம். வாக்கெடுப்பு முடிந்ததும் பக்கங்களைப் புரட்டினால் கோடு விழாத பெயர்கள் கண்ணில் படும். சிலர் மௌத்தாகியிருப்பார்கள், இடாப்பில் திருத்தப்பட்டிருக்காது. சிலர் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்வார்கள். சிலர் கட்டிலோடு கிடக்கும் வயோதிபர்கள். மிச்சம் உள்ளவர்கள் ஊரிலேயே இருந்தும் வராதவர்கள். நானாவின் கோபம் இந்தக் கடைசிக் கூட்டத்தின் மீது. ஆனால் தண்டப்பணம் விதிக்கும் சட்டம் முதலில் பார்ப்பது கோடு விழாத எல்லாப் பெயர்களையும்தான்.

நானா சொன்ன அவுஸ்திரேலியாவின் கதையை முதலில் பார்ப்போம். அங்கே 1922 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. தஸ்மேனியாவைச் சேர்ந்த செனட்டர் ஹேர்பர்ட் பெய்ன் 1924 இல் ஒரு தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். பெரிய விவாதம் எதுவும் இல்லாமலே அது நிறைவேறியது. அடுத்த ஆண்டு, 1925 தேர்தலில், வாக்களிப்பு 91 சதவீதத்தைத் தாண்டியது. முதலாம் உலகப் போரின்போது கட்டாய இராணுவ சேவை வேண்டுமா என்று 1916 இலும் 1917 இலும் கேட்கப்பட்டபோது, இரண்டு முறையும் "வேண்டாம்" என்று வாக்களித்த மக்கள் இவர்கள். கட்டாயம் என்ற சொல்லே பிடிக்காத மக்கள் இந்தக் கட்டாயத்தை ஏற்றுக்கொண்டார்கள். எப்படி?

அதற்கான விடை 1924 க்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது. 1911 இலேயே அங்கே வாக்காளர் பதிவு கட்டாயமாக்கப்பட்டு இடாப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாகத் தேர்தல் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. தபால் மூல வாக்களிப்பும் சட்டத்துக்கு முன்பே இருந்தது. இன்று வைத்தியசாலைகளுக்கும் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கும் நடமாடும் வாக்களிப்புக் குழுக்கள் போகின்றன. வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் வாக்களிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் வராதவரிடம்தான் முதலில் காரணம் கேட்கிறார்கள். காரணம் தகுந்ததாக இல்லாவிட்டால் 20 டொலர் தண்டம். அரசு முதலில் வாக்குப் பெட்டியை மக்களிடம் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் மக்களைப் பெட்டியிடம் வரச் சொன்னது.

அந்தச் சட்டத்திலும் குறைகள் இருந்தன. அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் எல்லோருக்கும் தேசியத் தேர்தலில் வாக்குரிமை உறுதியானது 1962 இல்தான். மற்றவர்களைப் போல அவர்களும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற நிலை வந்தது 1984 இல். ஏர்னஸ்ட் ஜட் என்ற சோசலிஸ்ட் இன்னொரு கேள்வியைக் கிளப்பினார். எல்லா வேட்பாளர்களும் முதலாளித்துவத்தின் ஆட்களே, இவர்களில் ஒருவருக்கு வாக்களிக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். 1926 இல் உயர் நீதிமன்றம் அதைத் தகுந்த காரணமாக ஏற்கவில்லை. நீதிபதி ஹிக்கின்ஸ் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஆனால் மார்க்க ரீதியில் வாக்களிக்காதிருப்பதைக் கடமையாக நம்புகிறவருக்கு இன்றைய சட்டம் விலக்குத் தருகிறது. நம்மூரில் வாக்களிப்பது கூடுமா கூடாதா என்று வாதாடும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் வாக்காளர் விஷயத்தில் கட்டாயம் இருந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், கட்டாயமில்லாமல் தானாக ஒதுங்கியவர்களின் கதை ஒன்று.

டொனமூர் ஆணைக்குழுவின் சீர்திருத்தத்துக்கு முன் இலங்கையில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சனத்தொகையில் சுமார் 4 சதவீதம் மட்டுமே. 1931 இல் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் அது திறந்துவிடப்பட்டது. பிரித்தானியாவே தன் பெண்களுக்குச் சமமான வாக்குரிமை கொடுத்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. இந்த அரசியலமைப்பு முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்பது அவர்களின் வாதம். முன்னின்றவர்களில் ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை. அதே தேர்தலில் நம் கிழக்கில், மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில், எச். எம். மாக்கான் மாக்கார் வென்று அரசாங்க சபைக்குப் போனார். வடக்கின் அந்த நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

அது சரியான முடிவா, பிழையான முடிவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். விலை கொடுக்க நேர்ந்தது உண்மை. ஆனால் அது சோம்பல் அல்ல. கொள்கைக்காக யோசித்து எடுத்த முடிவு. கட்டாய வாக்களிப்புச் சட்டம் இந்த மனிதனையும், வீட்டில் படுத்துக் கிடந்து வராதவனையும் ஒரே தராசில் நிறுத்தும்.

இனி நான் சொன்ன கட்டாயம். அது வாக்களிக்கச் சொன்ன கட்டாயம் அல்ல, வாக்களிக்காதே என்ற கட்டாயம்.

1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தல். ஜே.வி.பி. பகிஷ்கரிப்பை அறிவித்தது. மீறினால் உயிர் போகும் என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். நாடு முழுவதும் வாக்களிப்பு 55 சதவீதத்தோடு நின்றது. தெற்கின் சில மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கூட வரவில்லை.

2005 நவம்பர் 17. இம்முறை விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் 7 இலட்சத்துக்கும் அதிகம். வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரே ஒரு வாக்கு. அந்தத் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ 50.29 சதவீதமும் ரணில் விக்ரமசிங்க 48.43 சதவீதமும் பெற்றார்கள். வித்தியாசம் 180,786 வாக்குகள். வடக்கு வந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று கணக்குப் போட நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பின் நாடு போன பாதை உங்களுக்குத் தெரியும். வாக்குக்கு மதிப்பில்லை என்று சொல்கிறவர்கள், அதைத் தடுப்பதற்கு ஆயுதம் தூக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கதை நம் சமூகத்தினுடையது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் குடியிருந்துகொண்டே சொந்த மண்ணின் இடாப்பில் பெயரைக் காப்பாற்றி வைத்தார்கள். 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட பஸ்கள் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன. பாதையில் டயர் எரித்தார்கள், கல் எறிந்தார்கள், சுட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. பாதை சீர்செய்யப்பட்டு அவர்களின் பயணம் தொடர்ந்தது. வேட்டுச் சத்தத்தைக் கேட்ட பிறகும் வாக்களிக்கப் போன மக்கள் அவர்கள். அன்று அவர்களில் ஒரு தாய் பயந்துபோய் வீடு திரும்பியிருந்தால், அவருக்கு அஞ்சாயிரம் தண்டம் அடிப்பதா?

நானாவின் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 79 சதவீதமானோர் வாக்களித்தார்கள். எட்டே கிழமைக்குள் வந்த பாராளுமன்றத் தேர்தலில் அது 69 சதவீதம். இடாப்பு ஒன்றே, ஆனால் சுமார் 18 இலட்சம் பேர் குறைவு. எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்றால் அரசியல்வாதியும் ஏழை, கூலிக்காரன், ஒதுக்குப்புறத்துக் குடும்பம் என்று எல்லோரையும் கணக்கில் எடுக்க வேண்டிவரும். அவுஸ்திரேலியர்கள் நூறு ஆண்டுகளாக அந்தச் சட்டத்தை வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் அதே பாராளுமன்றத் தேர்தலில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6 இலட்சத்துக்கும் அதிகம். எந்தக் கட்டாயமும் இல்லாமல் தாமாக வரிசையில் நின்றவர்களின் வாக்குகள் இவை. சிலர் வேண்டுமென்றே பழுதாக்கியிருக்கலாம். பலருக்குப் புள்ளடியையும் விருப்பு வாக்கையும் எங்கே இடுவது என்று தெரியவில்லை. விருப்பமில்லாதவர்களையும் தண்டத்துக்குப் பயந்து இழுத்துவந்தால் இந்த எண் கூடுமா, குறையுமா?

இன்னொரு கேள்வி. வராத வாக்காளரைப் பற்றிப் பேசுகிறோம். தேர்தலையே வைக்காத அரசைப் பற்றி என்ன? 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே மாதத்தில். நம் கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பரில். அதன் காலம் 2017 இல் முடிந்தது. 2025 ஆம் ஆண்டு முடியும்வரைகூட அடுத்த தேர்தல் வரவில்லை. இதற்கு யாரிடம் தண்டம் அறவிடுவது?

நம் அரசியலமைப்பின் 28 ஆவது உறுப்புரை பிரஜைகளின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, செய்யும் தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, இயற்கையைப் பேணுவது எல்லாம் அதில் உண்டு. வாக்களிப்பது இல்லை. வாக்குரிமை வேறிடத்தில், மக்களின் இறைமையைச் சொல்லும் 4 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அதாவது அங்கே நாம் கடமைப்பட்டவர்களாக அல்ல, அதிகாரம் உடையவர்களாகவே நிற்கிறோம்.

வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று நம் உலமாக்கள் மிம்பரில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நானும் அதை அப்படியே நம்புகிறேன். காரணமின்றிச் சாட்சியை மறைப்பவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் தண்டத்தைக் காட்டி மிரட்டிப் பெறும் சாட்சிக்கு என்ன மதிப்பு?

ஆகவே நானாவுக்கு என் பதில் இது. தண்டம் வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். முதலில் கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகள் அங்கிருந்தே வாக்களிக்க வழி செய்யட்டும். கட்டிலில் கிடக்கும் உம்மாவிடம் வாக்குச் சீட்டு வரட்டும். இடம்பெயர்ந்தவர் பயமில்லாமல் போய்வர ஏற்பாடு நடக்கட்டும். தேர்தல்கள் உரிய திகதியில் நடக்கட்டும். இவை எல்லாம் நடந்த பிறகும் வராதவர்களைப் பற்றி, அதே பள்ளிவாசல் முன்னால் நின்று திரும்பவும் பேசுவோம்.

அதுவரை நம்மால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இடாப்புத் திருத்தம் நடக்கும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் வீட்டுப் பெயர்களைப் பாருங்கள். 18 வயதான மகளின் பெயர் சேர்ந்திருக்கிறதா? மௌத்தான வாப்பாவின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா? பக்கத்து வீட்டு வயோதிபருக்கு வாக்குச் சீட்டில் புள்ளடி இடும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். யாருக்குப் போடுவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் கோடு விழாத பெயர் யாருடையது, ஏன் விழவில்லை? கீழே எழுதுங்கள். நானாவும் வாசிப்பார், இன்ஷா அல்லாஹ்.