மடக்கெழுத்தாணி முதல் பேனாக்கத்தி வரை

முத்துக்குளிப்பு என்றதும் சிப்பியைக் கத்தியால் பிளந்து முத்தெடுக்கும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவில் பெரும்பாலும் நடந்தது வேறு. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல் எனப் பரதவர்களின் துறைகள் வரிசையாக அமைந்த கடற்கரை இது. கல்லின் கனத்தில் மூழ்கி அள்ளி வந்த சிப்பிகளைக் கரையில் வேலியடைத்த இடத்தில் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகியபின் கழுவி, அலசி, முத்தைப் பொறுக்குவார்கள். லட்சக்கணக்கில் வந்து குவியும் சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்ப்பது நடக்கிற காரியமா? இந்தியக் கரையில் கடைசியாக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்புகள் நடந்தன. ஆக, முத்துக்கரையில் முத்துக்கே கத்தி அவ்வளவாகத் தேவைப்படவில்லை!

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பனங்காடு. கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் வேம்பார். பாளை சீவும் அரிவாள் மடங்காது. பனையேறியின் இடுப்பில் பெட்டிக்குள் இருக்கும். அப்படியானால் மடித்துச் செருகிக்கொள்ளும் சிறு கத்தி தமிழர்களில் யாரிடம் இருந்தது? அதே பனையின் ஓலையில் எழுதியவர்களிடம்.

மடக்கெழுத்தாணி

எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. திண்ணைப் பள்ளியில் ஓலையில் எழுதிப் படித்த உ.வே.சாமிநாதையர் (1855-1942) தம் வாழ்க்கை வரலாற்றில் இவற்றை விவரித்திருக்கிறார். மடக்கெழுத்தாணியில் ஒரு பிடிக்குள் இரண்டு கருவிகள். ஒன்று எழுதும் கூர் ஆணி, மற்றொன்று ஓலையை வாரும் கத்தி. எழுதுவதற்கு முன் ஓலையை அளவாக நறுக்க வேண்டும், நரம்பை நீக்க வேண்டும், ஓரத்தைச் சீராக்க வேண்டும். இதற்கெல்லாம் கத்தி வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிட்டால் ஆணியின் கூர் மழுங்காது, இடுப்பிலும் குத்தாது. அன்றாடம் கூடவே வைத்திருக்கும் மடக்குக் கத்திக்கு இதைவிடத் தெளிவான நம்மூர் உதாரணம் கிடைப்பது கடினம்.

மடக்குக் கத்தி என்ற யோசனை இன்னும் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் எலும்புப் பிடி போட்ட இரும்புக்கால மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. ரோமானியர்களும் மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள்.

பேனா வந்தது, பெயர் வந்தது

1530களில் முத்துக்கரைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். கப்பலோடும் மதத்தோடும் சொற்களும் வந்து இறங்கின. 'பேனா' என்ற சொல், இறகு என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இறகுப் பேனாவின் முனை எழுத எழுத மழுங்கும். அதை அடிக்கடி சீவ ஒரு சிறு கத்தி வேண்டும். அதுவே பேனாக்கத்தி. 19ஆம் நூற்றாண்டில் எஃகு நிப்பு வந்து இறகை ஒதுக்கியது. பேனாவைச் சீவும் வேலை போய்விட்டது, பேனாக்கத்தி என்ற பெயர் போகவில்லை. அது பென்சில் சீவியது, மாம்பழம் நறுக்கியது, பார்சல் கயிறு அறுத்தது.

ஏழைக்கும் ஒரு கத்தி

பழைய மடக்குக் கத்திகளில் அலகை நிறுத்தி வைத்தது ஆணியின் இறுக்கம் மட்டுமே. இறுக்கம் தளர்ந்தால் அலகு விரல்மேல் மடங்கும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கொல்லர்கள் பிடியின் முதுகில் ஸ்பிரிங் வைத்துக் கத்தி செய்தார்கள். 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் விவசாயிகளுக்காக மரப்பிடியில் எளிய கத்தி ஒன்றைச் செய்தார். அலகைப் பூட்டும் வளையம் அதில் சேர்ந்தது 1955இல்தான். ஜப்பானில் 1890களில் உருவான ஹிகோனோகாமிக்குப் பூட்டே இல்லை. ஒரு தகட்டை மடித்தால் பிடி. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வாங்கும் அளவுக்கு அது மலிவாக இருந்தது.

இன்னொரு எதிரி துரு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1884இல் தொடங்கிய கத்திப் பட்டறை, 1921 முதல் 'விக்டோரினாக்ஸ்' ஆனது. அவருடைய தாயார் பெயரான விக்டோரியாவும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்த பெயர் அது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

குறைந்த விலையில் கத்தி தேடுபவருக்கு இந்த வரலாறே போதுமான வழிகாட்டி.

முதலில் மூட்டு. கத்தியை விரித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம். பூட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்பிரிங்காவது விறைப்பாக இருக்க வேண்டும். கத்தி மலிவு என்பதால் விரலும் மலிவாகிவிடாது.

இரண்டாவது எஃகு. கார்பன் எஃகு எளிதில் கூராகும், எளிதில் துருவும் பிடிக்கும். வேம்பார் போன்ற உப்புக்காற்று ஊரில் துருப்பிடிக்காத எஃகே பொருத்தம். அதையும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் பல வருடம் உழைக்கும்.

மூன்றாவது நீளம். பழமும் கயிறும் நறுக்க 3 அங்குல அலகு போதும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சில பகுதிகளுக்குத் தனி அறிவிப்புகளும் வரலாம். விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக் கத்தியையும் கொண்டுபோக முடியாது. பொத்தானைத் தட்டினால் சீறி நிற்கும் ராம்பூரி கத்தி சினிமா வில்லனுக்குப் பொருந்தும், பென்சிலுக்குப் பொருந்தாது.

ஓலை வாரியவர், இறகு சீவியவர், மலைநாட்டு விவசாயி என ஒவ்வொருவர் கத்தியும் அவரவர் வேலைக்காகப் பிறந்தது. விலையைக் கேட்கும் முன் வேலை என்ன என்று கேட்டுக்கொள்பவருக்கு மலிவுக் கத்தியும் நல்ல கத்தியாக அமையும்.